திங்கள் ராத்திரி லெட்டரும் நூறு வெள்ளி வெட்டும்

சிங்கப்பூர்ல பட்ஜெட் மாசம் வந்தாலே நம்ம வாட்ஸ்அப் குரூப் எல்லாத்துலயும் ஒரே கேள்விதான், "இந்த வருஷம் சிடிசி வவுச்சர் எவ்ளோ?" அக்கம்பக்கத்துக் கடையில செலவு பண்ண அரசாங்கம் வீட்டுக்கு வீடு கொடுக்கிற பற்றுச்சீட்டு அது, கேக்குறதுல தப்பே இல்ல. 2025 பட்ஜெட்ல வீட்டுக்கு 800 வெள்ளி அறிவிச்சாங்க, வர்ற சம்பளத்துல இழுத்துப் பிடிச்சு குடும்பம் நடத்துறவங்களுக்கு அது எவ்ளோ பெரிய ஆறுதல்னு எனக்கு நல்லாவே தெரியும். ஆனா நிதியமைச்சர் பேசி முடிச்சதும் பட்ஜெட்டே முடிஞ்சிருச்சுன்னு நாம எல்லாரும் அடுத்த வேலையப் பாக்கப் போயிடுறோம், எனக்கு வருத்தம் அதுலதான். நம்ம வீட்டுக்குள்ள வந்து தொடுற பேச்செல்லாம் அதுக்கப்புறம்தான் வருது.

பொது விவாதம் முடிஞ்சதும் நாடாளுமன்றம் மொத்தமா ஒரு குழுவா மாறி, ஒவ்வொரு அமைச்சா எடுத்து அதோட செலவைக் கேள்வி கேக்கும். சிஓஎஸ்னு சொல்லுவாங்க, தமிழ்ல நிதி ஒதுக்கீட்டு விவாதம். உள்துறை, தற்காப்பு, கல்வி, சுகாதாரம், மனிதவளம்னு வரிசையா நாள் கணக்குல போகும். அவை குழுவா மாறியிருக்குங்கிறதுக்கு அடையாளமா, மேசை மேல இருக்கிற செங்கோல் அந்த நேரத்துல கீழ் தாங்கிக்கு இறங்கிடும். இதுல ஒரு எம்பி பேசணும்னா முன்னாடியே ஒரு தீர்மானம் கொடுக்கணும், இந்த அமைச்சுக்கு ஒதுக்குற தொகையில 100 வெள்ளியக் குறைக்கணும்னு. கோடி கோடியா செலவு பண்ற அமைச்சுக்கு நூறு வெள்ளி ஒரு காசான்னு கேப்பீங்க. அந்த நூறு வெள்ளியச் சொன்னாத்தான் எம்பிக்கு அந்த விஷயத்தப் பேச வழி பிறக்கும், அமைச்சர் எழுந்து பதில் சொல்லியாகணும், அவர் சொல்ற ஒவ்வொரு வார்த்தையும் ஹன்சார்ட்ங்கிற நாடாளுமன்றப் பதிவேட்டுல பதிவாகிடும். பேச கிடைக்கிறது ரெண்டு மூணு நிமிஷம்தான். பதில் வந்ததும் வெட்டுத் தீர்மானத்த வாபஸ் வாங்கிடுவாங்க, கேட்ட பணம் முழுசா பாஸ் ஆகிடும். ஏப்ரல் 1ல புது நிதியாண்டு, அதுக்குள்ள எல்லாம் முடியணும்.

இப்ப திங்கட்கிழமை ராத்திரிக்கு வர்றேன்.

எம்பி தொகுதி மக்கள நேர்ல பாத்துக் குறை கேக்குறதுக்குப் பேர் மக்கள் சந்திப்பு. எங்க வட்டாரத்துல அது புளோக் கீழ இருக்கிற பாலர் பள்ளியில நடக்குது, நான் அங்க லெட்டர் எழுதுற தொண்டூழியர். 1955ல முதலமைச்சரா இருந்த டேவிட் மார்ஷல் ஆரம்பிச்சு வச்ச பழக்கம் இது, ஆளுங்கட்சி எதிர்க்கட்சி எல்லாரும் இன்னிக்கு வரைக்கும் விடாம செய்றாங்க. சின்னப் பிள்ளைங்க உக்கார்ற குட்டி நாற்காலியில பெரியவங்க முட்டிய மடக்கிக்கிட்டு உக்காந்திருப்பாங்க, சுவத்துல ஏ பி சி டி ஒட்டியிருக்கும், நம்பர் கூப்பிட்டா என் மேசைக்கு வருவாங்க. பட்ஜெட் வாரத்துல எம்பி காலையிலேர்ந்து நாடாளுமன்றத்துல உக்காந்துட்டு, சாப்பிட்டாரா இல்லையான்னே தெரியாத முகத்தோட நேரா இங்க வருவார், வந்ததும் முதல் வேலையா வரிசையில இருக்கிற வயசானவங்கள முன்னாடி அனுப்பச் சொல்லுவார். நாங்க கேஸ் எழுதி வைப்போம், அவர் ஆளோட நேர்ல பேசிட்டு லெட்டர்ல கையெழுத்துப் போடுவார். லெட்டர் வீடமைப்புக் கழகமான ஹெச்டிபிக்கோ, சேமநிதி பாக்குற சிபிஎஃப்புக்கோ, மனிதவள அமைச்சுக்கோ போகும்.

ஒரு கேஸ் சொல்றேன், ஆள் அடையாளம் தெரியாத மாதிரி கொஞ்சம் மாத்தித்தான் சொல்றேன். செக்யூரிட்டி வேலை பாக்குற ஒரு அண்ணன், பன்னெண்டு மணி நேர ஷிஃப்ட். அம்மாவுக்கு ஸ்ட்ரோக் வந்து படுக்கையில இருக்காங்க. பகல்ல பாத்துக்க ஆள் இல்லாம வேலைய விட்டுட்டார், உதவித்தொகைக்கு மனு போட்டார், நிராகரிச்சுட்டாங்க. ஏன்னு பாத்தா அதே அட்ரஸ்ல தங்கச்சி இருக்கு, அது சம்பளம் நல்ல சம்பளம். வீட்ல இருக்கிறவங்க வருமானத்தையெல்லாம் கூட்டி ஆளுக்கு எவ்ளோன்னு வகுத்தா வரம்பத் தாண்டிடுது. ஆனா அந்தத் தங்கச்சிக்குக் கல்யாணம் நிச்சயமாகி பிடிஓ வீடு, அதாவது புக் பண்ணப்புறம் கட்டிக் கொடுக்கிற ஹெச்டிபி வீடு, வரப்போகுது, அதுக்குக் கட்டவே அந்தச் சம்பளம் சரியாப் போகுது, அம்மா செலவுக்கு அதுகிட்டேர்ந்து எவ்ளோ வரும்? அண்ணன் என்கிட்ட கோவமாப் பேசல. பிளாஸ்டிக் ஃபைல்லேர்ந்து பேம்பர்ஸ் வாங்குன ரசீதுங்கள ஒவ்வொண்ணா எடுத்து நீவி நீவி மேசையில வச்சார், "தம்பி, தங்கச்சிய நான் என்னன்னு கேக்கறது, அது வாழ வேண்டிய புள்ள"ன்னார். எனக்குத் தொண்டை அடைச்சிருச்சு, அப்படியே டைப் பண்ணேன்.

அந்த லெட்டர் போகும், ஒருவேளை விதிவிலக்கு கொடுப்பாங்க, அந்த அண்ணனுக்கு விடியும், ரொம்ப சந்தோஷம். ஆனா அடுத்த வாரம் இன்னொரு புளோக்லேர்ந்து இன்னொருத்தர் இதே கதையோட வருவார். பக்கத்துத் தொகுதியிலயும் ஒருத்தர் வந்திருப்பார். ஒவ்வொரு தொகுதியிலயும் யாரோ ஒரு தொண்டூழியர் அதே லெட்டர வேற பேர் போட்டு டைப் பண்ணிக்கிட்டு இருப்பார். விதிய மாத்தாம விதிவிலக்கு மட்டும் கேட்டுக்கிட்டே இருந்தா, மேசை வரைக்கும் வரத் தெரிஞ்சவனுக்கு மட்டும்தான் கிடைக்கும், வரத் தெரியாத பாட்டிக்குக் கிடைக்காது. என்னால இத ஏத்துக்கவே முடியல.

அதனாலதான் சொல்றேன், திங்கள் ராத்திரி எழுதுற லெட்டர் எல்லாம் சேர்ந்து மார்ச் மாசம் அந்த நூறு வெள்ளித் தீர்மானமா மாறணும். எந்த விதியில ஜனங்க திரும்பத் திரும்ப மாட்டுறாங்கன்னு எம்பி எண்ணி எடுத்துட்டுப் போய், "அமைச்சர் அவர்களே, என் தொகுதியில இந்தக் காரணத்துக்காக இத்தனை பேர் வந்தாங்க"ன்னு கேக்கணும். சில எம்பிங்க இத அருமையாச் செய்றாங்க, கேக்கும்போதே தெரியும், அந்தப் பேச்சுல ஒரு மனுஷன் இருப்பான். சில பேச்சு அழகா இருக்கும், உலகப் பொருளாதாரம், ஏஐ, எதிர்காலம்னு போகும், அதுவும் வேணும்தான், ஆனா அந்தப் பேச்சுக்கும் பாலர் பள்ளியில உக்காந்திருந்த ஆளுக்கும் என்ன சம்பந்தம்னு தேடிப் பாத்தாலும் கிடைக்காது.

"97 இடத்துல 87 மக்கள் செயல் கட்சிக்கிட்ட இருக்கு, கொறடா சொன்னபடி ஓட்டு விழப்போகுது, பேசி என்ன ஆகப்போகுது"ன்னு நண்பர்கள் நிறைய பேர் சொல்றாங்க. ஓட்டு எப்படி விழும்னு முன்கூட்டியே தெரியும்ங்கிறது உண்மைதான். 2022ல ஜிஎஸ்டி உயர்வுனால எதிர்க்கட்சியான பாட்டாளிக் கட்சி பட்ஜெட்ட ஆதரிக்கல, பட்ஜெட் நிறைவேறத்தான் செஞ்சுது, ஜிஎஸ்டி 2023ல 8 விழுக்காடு ஆச்சு, 2024ல 9 ஆச்சு. ஆனா ஓட்டுல அசையாதது பேச்சுல அசையும், நான் இத நம்புறேன். வீட்லயே வச்சு ஆளப் பாத்துக்கிறவங்களுக்கு மாசம் அதிகபட்சம் 400 வெள்ளி வரைக்கும் வந்துக்கிட்டிருந்த பராமரிப்பு மானியத்த 2026 ஏப்ரல்லேர்ந்து 600 வரைக்கும் உயர்த்துறதா எங்க அறிவிச்சாங்க? 2025 மார்ச்ல, சுகாதார அமைச்சோட நிதி ஒதுக்கீட்டு விவாதத்துலதான். பல வருஷமா பல கட்சி எம்பிங்க பராமரிப்பாளர்களப் பத்தி திரும்பத் திரும்ப அந்த அவையில பேசியிருக்காங்க, அதையெல்லாம் வீண்னு சொல்ல எனக்கு மனசு வராது. தேர்தல்ல நிக்காம நியமிக்கப்படுற நியமன எம்பிங்களையும் சொல்லணும், அவங்களுக்கு இந்த ஒதுக்கீட்டு மசோதாவுல ஓட்டே கிடையாது, இருந்தும் தீர்மானம் கொடுத்துப் பேசுறாங்க.

என் கோரிக்கை ஒண்ணுதான். ஒவ்வொரு எம்பியும் வருஷத்துக்கு ஒருதடவை, பட்ஜெட்டுக்கு முன்னாடி, தன்னோட மக்கள் சந்திப்புக்கு எந்த மாதிரி பிரச்சனை எவ்ளோ வந்துச்சுன்னு பேர் ஊர் இல்லாம ஒரு பட்டியல வெளியிடணும். வீடு இவ்ளோ, வேலை இவ்ளோ, மருத்துவச் செலவு இவ்ளோன்னு ஒரு பக்கத்துக்கு மேல ஆகாது. எங்ககிட்ட கேஸ் எல்லாம் கம்ப்யூட்டர்லதான் இருக்கு, எண்ணுறது பெரிய விஷயமே இல்ல. அப்பதான் எம்பி எந்த அமைச்சுக்கிட்ட என்ன கேட்டார்னு நாமளும் ஒப்பிட்டுப் பாக்க முடியும்.

நம்ம பக்கமும் ஒரு வார்த்தை. பட்ஜெட் நேரத்துல "எம்பி எங்க பொங்கல் விழாவுக்கு வரல, சீனப் புத்தாண்டு லோஹே விருந்துக்கு வரல, வருஷத்துக்கு 192,500 வெள்ளி அலவன்ஸ் வாங்கிட்டு என்ன பண்றார்"னு பேசுறவங்ககிட்ட நான் கெஞ்சிக் கேட்டுக்கிறேன், அந்த வாரம் அவர் அவையில என்ன கேட்டார்னு முதல்ல பாருங்க. நாடாளுமன்ற இணையதளத்துல அன்னன்னைக்கு நிகழ்ச்சி நிரல் இருக்கும், எந்த அமைச்சுல எந்தத் தலைப்புல யார் வெட்டுத் தீர்மானம் கொடுத்திருக்காங்கன்னு பேரோட போட்டிருப்பாங்க. 2021லேர்ந்து நேரலையும் இருக்கு. அங்க தமிழும் அதிகாரத்துவ மொழி, தமிழ்ல பேசுற எம்பி பேச்சை உங்க வீட்டுப் பெரியவங்களக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டுங்க, எவ்ளோ கவனமா கேக்குறாங்கன்னு பாருங்க.

அப்புறம் மக்கள் சந்திப்புக்கு வர்றவங்க தயவு செஞ்சு அடையாள அட்டை, சம்பளச் சீட்டோட, இதுக்கு முன்னாடி உங்க மனுவ நிராகரிச்சு வந்த பதிலையும் எடுத்துட்டு வாங்க, நிறைய பேர் கோவத்துல அத கிழிச்சுப் போட்டுடுறாங்க. எந்த விதியச் சொல்லி மறுத்தாங்கங்கிறது அந்தத் தாள்லதான் இருக்கு, எம்பி அவைக்குத் தூக்கிட்டுப் போக வேண்டியதும் அந்த விதியத்தான். இங்கிலீஷ்ல இருக்கு புரியலன்னு கவலைப்படாதீங்க, கொண்டு வாங்க, தமிழ்ல படிச்சுச் சொல்ல எங்க மேசையில ஆள் இருக்கோம்.