லினக்ஸில் ஓடுமா என்று பெட்டியில் போட்டால் என்ன?

லினக்ஸுக்கு ஒரு நெட்வொர்க் ஸ்கேனர் தேடிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த எரிச்சல் தெரியும். "லினக்ஸ் ஆதரவு உண்டு" என்று போட்டிருந்தாலும் நம்பிவிட முடியாது. பல நேரம் அது அதே இயந்திரத்தில் இருக்கும் பிரிண்டருக்கு மட்டும். சரி, லினக்ஸில் ஸ்கேனர்களை ஓட வைக்கும் சேன் (SANE) திட்டத்தின் பட்டியலைப் பார்க்கலாம் என்றால், யுஎஸ்பியில் ஒழுங்காக ஓடும் மாடல் நெட்வொர்க்கிலும் ஓடுமா என்று தனியாகத் துழாவ வேண்டும். இஎஸ்சிஎல் (eSCL) என்ற பொதுவான ஸ்கேன் நெறிமுறை கருவியில் இருந்தால் தனி டிரைவரே வேண்டாம், சேன்-ஏர்ஸ்கேன் (sane-airscan) என்ற மென்பொருள் போதும். அந்த ஒரு வார்த்தையைப் பெட்டியில் அச்சிட அப்படி என்ன கஷ்டம்?

இந்த இயந்திரங்களில் இருக்கும் ஃபேக்ஸ் இன்னும் மோசம். கணினியிலிருந்தே ஃபேக்ஸ் அனுப்ப, எச்பி கருவிகள் பலவற்றுக்கு எச்பிலிப் (HPLIP) என்ற லினக்ஸ் மென்பொருள் இருக்கிறது, வேறு சிலவற்றுக்கும் வழி உண்டு. மற்றதில் எல்லாம் கணினியில் இருக்கும் கடிதத்தை அச்சடித்து, அதே தாளை மறுபடி இயந்திரத்தில் வைத்து, எண்ணை அழுத்த வேண்டியதுதான். ஃபேக்ஸுக்கும் சேர்த்துக் காசு வாங்கிக்கொண்டு இது என்ன நியாயம்?