ஒரு ரிங்கிட் நிறுவனத்தால் வேலை அனுமதி கிடைக்காது

ஒரு ரிங்கிட் மூலதனத்தில் 'சென்டிரியான் பெர்ஹாட்' என்ற தனியார் வரையறுக்கப்பட்ட நிறுவனத்தை மலேசியாவில் பதிந்தால் வேலை அனுமதி தானாகக் கிடைக்கும் என்ற வாட்ஸ்அப் தகவல், தமிழகத்திலிருந்து கோலாலம்பூருக்கு வந்து கடை தொடங்க விரும்புவோரிடையே பரவுகிறது. அதன் முற்பாதி மட்டுமே உண்மை. 2016ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின்படி ஒரே பங்குதாரருடன், ஒரு ரிங்கிட்டிலும் நிறுவனம் பதியலாம் என்றாலும், குறைந்தது ஓர் இயக்குநராவது மலேசியாவில் வசிப்பவராக இருக்க வேண்டும்.

வேலை அனுமதி வழங்குவது நிறுவன ஆணையம் அன்று, குடிநுழைவுத் துறை. அதற்கு விண்ணப்பிக்க, முழுக்க வெளிநாட்டவருக்குச் சொந்தமான நிறுவனம் பொதுவாக 5 லட்சம் ரிங்கிட் செலுத்திய மூலதனம் காட்ட வேண்டும். கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியில் நம்மவர் பெரிதும் விரும்பும் சில்லறை வணிகமானால் அது 10 லட்சம். ஊரில் நிலத்தை விற்றுப் புறப்படுவோரிடம் இந்தத் தொகையை மறைப்பது பெருந்தீங்கு.

'என்டர்பிரைஸ்' என்ற தனியுரிமை வணிகத்தையோ குடிமக்களும் நிரந்தரவாசிகளும் மட்டுமே பதிய முடியும்.