பான்டிங் மட்டையில் ஸ்பிரிங் இருந்ததா?

2003 கிரிக்கெட் உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் ஆஸ்திரேலிய அணித் தலைவர் ரிக்கி பான்டிங் ஸ்பிரிங் வைத்த மட்டையால் ஆடினார், அதனால் ஆட்டம் மறுபடி நடக்கப்போகிறது என்ற வதந்தியை அன்று பள்ளிக்கூடத்தில் கேட்காத பிள்ளைகள் குறைவு. இன்றும் அதை நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். அது முழுப் பொய்.

மார்ச் 23 அன்று ஜோகன்னஸ்பர்க்கில் பான்டிங் 121 பந்துகளில் 140 ரன் எடுத்து ஆட்டமிழக்காமல் நின்றார். அதில் 8 சிக்சர்கள். ஆஸ்திரேலியா 359, இந்தியா 234. மறு ஆட்டம் ஒருபோதும் அறிவிக்கப்படவில்லை. வில்லோ மரத்தைக் குடைந்து ஸ்பிரிங் வைத்தால் மட்டை வலுவிழந்து விரிசல்தான் விடும். தோல்வியின் வலி புரிகிறது. எனக்கும் அது ஆறவில்லை. அதற்காக ஓர் அபாரமான ஆட்டத்தைத் திருட்டு என்று சொல்வது அநியாயம்.

பின்னாளில் நடந்த வேறொரு சம்பவத்தையும் சிலர் இதோடு முடிச்சுப் போடுகிறார்கள். பான்டிங் பயன்படுத்திய குக்கபுரா நிறுவனத்தின் ஒரு மட்டையின் பின்புறம் கிராஃபைட் பட்டை ஒட்டப்பட்டிருந்தது. கிரிக்கெட் விதிகளை வகுக்கும் எம்.சி.சி., அது விதிக்குப் பொருந்தாது என்று 2006இல் கூறியது. நிறுவனமும் அந்த மட்டையை விலக்கிக்கொண்டது. அது மட்டையின் முதுகில் ஒட்டிய பட்டை, உள்ளே ஒளித்த ஸ்பிரிங் அல்ல.

மட்டையில் சாதகம் தேடுவதை விதிகள் கவனிக்காமல் விட்டதில்லை. 1979இல் ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் டென்னிஸ் லில்லி பெர்த்தில் அலுமினிய மட்டையோடு இறங்கிய பிறகு, அடிக்கும் பகுதி மரமாகவே இருக்க வேண்டும் என்று விதி வந்தது. 2017 முதல் விளிம்பின் தடிமன் 40 மில்லிமீட்டரையும், மட்டையின் மொத்தத் தடிமன் 67 மில்லிமீட்டரையும் தாண்டக் கூடாது.