கம்பி கண்ணுக்குத் தெரியலையா என்று கேட்டவர்களுக்கு

வயலுக்கு மருந்து தெளித்த விமானம் மின்கம்பியில் சிக்கிய அந்த வீடியோவை இதற்குள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். பைலட் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். விமானம் கம்பியில் சிக்கியதைவிட, அதன் கீழே நம் ஆட்கள் எழுதியதுதான் இரண்டு நாளாக என்னைத் தூங்கவிடவில்லை. "இவ்ளோ நீளக் கம்பி கண்ணுக்குத் தெரியலையா?" அதற்கு நூற்றுக்கணக்கில் சிரிப்பு.

தெரியாது ஐயா. கம்பி தெரியாது.

மருந்து தெளிக்கிற விமானம் பயிருக்கு மேலே மூன்று மீட்டர் உயரத்தில், மணிக்கு 220 கிலோமீட்டர் வேகத்தில் போகும். நொடிக்கு அறுபது மீட்டர். வெயிலில் மங்கிப்போன கம்பி, காய்ந்த புல்லோடும் வானத்தோடும் கரைந்துவிடும். அதனால் பைலட் கம்பியைத் தேடுவதில்லை, கம்பத்தைத் தேடுகிறார். குறுக்குச் சட்டம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, இன்சுலேட்டர் எப்படி இருக்கிறது என்று பார்த்துக் கம்பி போகும் வழியைக் கணக்குப் போடுகிறார். ஆஸ்திரேலியக் கிராமங்களில் ஒற்றைக் கம்பி லைன்கள் ஏராளம். கம்பத்துக்குக் கம்பம் பல நூறு மீட்டர் இருக்கும். அந்தக் கம்பமும் மரத்துக்குப் பின்னால் நின்றால்?

"முன்னாடியே பார்த்து வைக்கணும்ல" என்கிறார் ஒரு அறிவாளி. பார்க்கிறார்கள். மேலே வட்டமடித்துப் பார்த்துவிட்டுத்தான் இறங்குகிறார்கள். 1994 முதல் 2004 வரை நடந்த கம்பி மோதல்களை ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்புப் பணியகம் ஆராய்ந்தபோது, மோதிய பைலட்டுகளில் 63 சதவீதம் பேருக்குக் கம்பி அங்கே இருப்பது முன்பே தெரிந்திருந்தது. உடனே "பார்த்தீங்களா, கவனக்குறைவுதான்" என்று வருவீர்கள். வாங்க. அதே கம்பியை நாற்பது தடவை தாண்டியாயிற்று. கடைசியில் வேலியோரம் விட்டுப்போன துண்டைக் குறுக்கே அடிக்க வேண்டும். காற்று திரும்புகிறது, பக்கத்து வயலுக்கு மருந்து போகக் கூடாது. மனசு ஒரு நொடி அங்கே போகிறது. அவ்வளவுதான், அறுபது மீட்டர் போயிற்று. நீங்கள் அடுப்பில் பால் வைத்து மறந்ததே இல்லையா?

நான் ஆஸ்திரேலியாவில் கிரிஃபித் ஊர்ப் பக்கம் இரண்டு சீசன் லோடராக, அதாவது விமானத்தில் மருந்தும் விதையும் நிரப்புகிற ஆளாக, இருந்தவன். தண்ணீர் கட்டிய வயலில் ஊறவைத்த விதைநெல்லை விமானம் தூவியதை முதலில் பார்த்தபோது, நாற்றங்காலும் நடவும் மட்டுமே அறிந்த தஞ்சாவூர்க்காரன் வாயைப் பிளந்தேன். அப்பாவிடம் போனில் சொன்னால், "குருவி பொறுக்காதா?" என்றார்.

அங்கேதான் ஒருநாள் மருந்தடிக்கப் போன எங்கள் பைலட் பாதியில் திரும்பினார். முன்கண்ணாடி நடுவிலிருக்கும் கம்பி வெட்டும் தகட்டில் பளபளவென்று புதுக் கீறல். சக்கரத்தில் ஒரு முழக் கம்பி. போன வருஷம் இல்லாத பம்ப் ஷெட்டுக்குப் புதிதாக இழுத்த லைன் அது. வயல்காரர் கொடுத்த வரைபடத்தில் இல்லை. பைலட் டீ கேட்டார், கோப்பையைப் பிடிக்க முடியவில்லை, நான்தான் பிடித்துக்கொண்டேன். அப்போது வயல்காரர் போன்: "பம்ப் நின்னுபோச்சு, கரண்ட் எப்ப வரும்?"

அந்த வரைபடத்தை வாங்கி வந்தவன் நான். "புதுசா ஏதும் லைன் இருக்கா" என்று கேட்கவில்லை. சரி, இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

கம்பியில் நாலு ஆரஞ்சு உருண்டை மாட்டினால் தூரத்திலேயே தெரியும். யார் காசு என்பதில்தான் நிற்கிறது. லைன் போட்டவர்கள் வயல்காரரைக் காட்டுவார்கள், அவர் பைலட்டைக் காட்டுவார். நீங்களும் பைலட்டையே காட்டுகிறீர்கள்.

ட்ரோன் வந்தால் சரியாகிவிடும் என்கிறார்கள். பாதி உண்மை, ட்ரோன் விழுந்தால் உள்ளே ஆள் இல்லை. ஆனால் மூவாயிரம் லிட்டர் சுமக்கிற விமானத்தின் வேலை முழுவதையும் அது எடுத்துக்கொள்ளும் நாள் இன்னும் வரவில்லை.

"விஷம் தெளிக்கிறவன்தானே" என்று ஒருவர். பூச்சிமருந்து பற்றிப் பேசலாம், நானும் வருகிறேன். ஆஸ்பத்திரியில் கிடப்பவன் கட்டிலருகே நின்றா பேசுவது? இரவு தட்டில் சோறு போட்டுக்கொண்டுதானே அதை டைப் செய்தீர்கள்?

சிரிப்புப் போட்டவர்களில் என் சித்தப்பா மகனும் இருக்கிறான். நான் அங்கே என்ன வேலை பார்த்தேன் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். காலையிலிருந்து மூன்று மிஸ்டு கால். எடுக்கப்போவதில்லை.