பைனல் டெஸ்டினேஷனும் நடுநிலையான ஸ்டேஜ் அல்ல
சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் மெலீ என்ற சண்டை வீடியோ கேமில், பைனல் டெஸ்டினேஷன் என்ற ஸ்டேஜ் (சண்டை நடக்கும் களம்) வெறும் தட்டைத் தரை, மேலே ஏறி நிற்க பிளாட்ஃபார்ம் கிடையாது, அதனால் யாருக்கும் சாதகமில்லை என்று சிலர் சொல்கிறார்கள். அது சரியல்ல. மார்த் என்ற கதாபாத்திரம், ஃபாக்ஸ் என்ற கதாபாத்திரத்தைப் பிடித்து மேலே எறிந்து, விழும்போது திரும்பப் பிடித்துக்கொண்டே இருக்க மிக வசதியான இடம் அதுதான். பேட்டில்ஃபீல்ட் என்ற இன்னொரு ஸ்டேஜில் ஃபாக்ஸ் மேலுள்ள மூன்று பிளாட்ஃபார்ம்களில் ஒன்றில் இறங்கித் தப்பிக்க வழியுண்டு. மார்த் ஆடுபவர்கள் பைனல் டெஸ்டினேஷனை விரும்பிக் கேட்பது சும்மா இல்லை.

நண்பர் ஒருவரை ஃபாக்ஸ் எடுக்கச் சொல்லி, இரண்டு ஸ்டேஜிலும் இதே பிடியை முயன்று பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும். அப்புறம் ஏதாவது ஒரு மெலீ போட்டியின் விதிகளைப் படியுங்கள்: முதல் ஆட்டத்துக்கு வழக்கமாக ஐந்து ஸ்டேஜ்களை வைத்து, இருவரும் மாறி மாறி நீக்கி, மிஞ்சுவதில்தான் ஆடுகிறார்கள்; பைனல் டெஸ்டினேஷனை நடுநிலையானது என்று நேராக எடுத்துக்கொள்வதில்லை.