மெயின், கிராஸ்: திசை விதி ஊர் முழுக்கப் பொருந்தாது

பெங்களூரு முகவரிகளில் 'மெயின்' என்பது ஒரு பகுதியின் முக்கியத் தெரு, 'கிராஸ்' என்பது அதைக் குறுக்கே வெட்டும் தெரு. "பெங்களூரில் மெயின் எல்லாம் தெற்கு வடக்கு, கிராஸ் எல்லாம் கிழக்கு மேற்கு, எண் தெரிந்தால் எங்கேயும் போய்விடலாம்" என்று ஒருவர் எழுதியிருந்தார். மல்லேஸ்வரத்துக்கு அது சரி. கட்டம் போட்டு அமைத்த பேட்டை அது. சம்பிகே ரோடும் மார்கோசா ரோடும் தெற்கு வடக்காக ஓடும், கிராஸ்கள் குறுக்கே வெட்டும், வடக்கே போகப் போக எண் ஏறும்.

இந்திராநகரில் இதை நம்பினால் வழி தவறும். அங்கே 100 அடி ரோடுதான் தெற்கு வடக்கு. 12வது மெயின் அதைக் குறுக்கே வெட்டிக் கிழக்கு மேற்காகப் போகிறது. மெயின், கிராஸ் என்பது அந்த லேஅவுட்டுக்குள் (திட்டமிட்டு அமைத்த குடியிருப்புப் பகுதிக்குள்) எது எதை வெட்டுகிறது என்பதை மட்டும் சொல்லும். திசைகாட்டி அல்ல.

எண்ணும் லேஅவுட்டுக்கு லேஅவுட் 1லிருந்து புதிதாகத் தொடங்கும். பெயரும் திரும்ப வரும்: 80 அடி ரோடு கோரமங்கலாவிலும் உண்டு, இந்திராநகரிலும் உண்டு. ஆட்டோக்காரரிடம் வெறும் "12வது மெயின்" என்றால் அவர் என்ன செய்வார்? ஊருக்குப் புதிதாக வருகிற நம்மவர்கள் இதில்தான் அலைகிறார்கள்.

முகவரியைக் கடைசியிலிருந்து படியுங்கள்: முதலில் பேட்டை, பிறகு அதன் உட்பிரிவான ஸ்டேஜ் அல்லது பிளாக், அப்புறம் மெயின், கிராஸ், கடைசியில் வீட்டு எண். 7க்கும் 8க்கும் நடுவே '7வது ஏ கிராஸ்' வரலாம். அந்த 'ஏ'யை விட்டால் அடுத்த தெருவில் நிற்பீர்கள். அடுத்தடுத்த இரண்டு பெயர்ப்பலகைகளைப் பார்த்து, எண் ஏறுகிறதா இறங்குகிறதா என்று உறுதி செய்துகொண்டு நடங்கள்.