வழி சொன்னவர்களையும் எழுதுங்கள்
"யாருமே அறியாத நிலத்தை லூயிஸும் கிளார்க்கும் வரைபடமாக்கினார்கள்" என்று, அமெரிக்காவின் மேற்கே பசிபிக் கடல் வரை போன அந்த இருவரின் பயணத்தைப் பற்றிய இந்தக் கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்களுக்கு அந்த மலையும் ஆறும் அத்துப்படி. 1805 ஜனவரியில் மாண்டன் என்ற பழங்குடியின் தலைவர் ஷெஹெகே, கிளார்க்கோடு சாப்பிட வந்த இடத்தில், மேற்கே உயர்ந்த மலைகள் வரைக்குமான நாட்டை வரைந்து கொடுத்தார். ஆகஸ்டில் ஷோஷோனி பழங்குடித் தலைவர் கமியாவெயிட் தரையில் ஆறுகளைக் கீறி, இரண்டு பக்கமும் மணலைக் குவித்துக் குவித்து வைத்து, இதெல்லாம் பனி உருகாத பாறை மலைகள், ஆற்றோடு போக வழியில்லை என்று லூயிஸுக்குக் காட்டினார். அப்புறம் கிளார்க் அந்த வழியிலுள்ள சால்மன் ஆற்றுக்கே போய்ப் பார்த்தார். கமியாவெயிட் சொன்னது அப்படியே சரி. செப்டம்பரில் நெஸ் பெர்ஸ் பழங்குடித் தலைவர் ட்விஸ்டட் ஹேர் வெள்ளை எல்க் மான் தோலில் மேற்கு ஆறுகளை வரைந்தார். இத்தனையையும் தன் அளவுகளோடு சேர்த்து, 1814இல் அச்சான ஒரே வரைபடத்தில் கோத்தது கிளார்க்கின் பெரிய சாதனை, அதில் சந்தேகமில்லை. மேலே கருத்து எழுதிய ஒரு நண்பர், வழிகாட்டியது அவர்களோடு போன ஷோஷோனி பெண் சககவியாதான் என்கிறார். சககவியா முக்கியமாக மொழிபெயர்ப்பாளர். வழியில் இருந்த பிட்டர்ரூட் மலையைக் கடக்க வழிகாட்டியவர் ஓல்டு டோபி என்று பயணக் குழுவினர் அழைத்த ஷோஷோனி முதியவர். கூலியைக்கூட வாங்காமல் அக்டோபரில் ஊர் திரும்பிவிட்டார். அவர் பெயரையும் கட்டுரையில் சேருங்கள்.